மம்மியின் ரத்தம் நன்றாக இருந்தது

ரீனாவுக்கு,

போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். நேரில் பேசினால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறாய். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாய்: "டாடி, அந்த வாரம் ஒருவாட்டி போடுற மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு வாரம் ஆச்சு. அத ஆரம்பிச்சதுலருந்து கொலஸ்ட்ரால் ஏறிட்டே போகுது." பையிலிருந்து இரண்டு ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாய். மாத்திரைக்கு முன்னால் நூற்று நாற்பத்திரண்டு. ஐந்து மாதத்துக்குப் பிறகு நூற்று எண்பத்தாறு. ஏதோ நான் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவன் போலவும், நீ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போலவும் பார்த்தாய்.

டாக்டரைக் கேட்டாயா என்றேன். நெட்டில் படித்தேன் என்றாய். எனக்குக் குரல் ஏறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு ஏறிவிட்டது. "கத்தாதீங்க டாடி. நீங்க டாக்டர் இல்ல, லேப் டெக்னீசியன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வைட்ஃபீல்டில் இருக்கிற உன் அறைக்குப் போய்விட்டாய். பத்து நாளில் ஜெர்மனிக்கு விமானம் ஏறப் போகிறாய். இரண்டு வருடம் அங்கே வேலை. காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அரைமணி நேரம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டு இருக்கும் பெண், மருந்தை நிறுத்திவிட்டுப் பனி கொட்டும் ஊருக்குப் போகிறாள். இதில் நான் கத்தக்கூடாது!

ஆனால் நீ சொன்னது உண்மை. நான் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்களின் ரத்தத்தை அளந்தவன். எண்ணை நம்பி வாழ்ந்தவன். எண்ணை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உனக்குச் சொல்ல நாம் இருக்கிற இந்தக் காக்ஸ் டவுனில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதி இன்று வரை உன் மம்மிக்கே தெரியாது.

காவிரிக் கலவரம் நடந்த தொண்ணூற்றொன்றின் கடைசியில்தான் மம்மிக்கு முதலில் கை வீங்கியது. உனக்குப் பதினொரு வயது. கடைகள் அடைத்து, பள்ளிக்கூடங்கள் மூடி, எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள். சும்மா உட்கார்ந்திருப்பதால் கை மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தோம். பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சரான உன் மம்மி ஸ்டெல்லா, கரும்பலகையில் தேதியை எழுதும்போதே சாக்பீஸைக் கீழே போட்டாள். மறுநாளும் போட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து அவளும் சிரித்தாள். ஒரு மாதத்தில் இரண்டு கையிலும் விரல் கணுக்கள் இலந்தைப் பழம் போல வீங்கிவிட்டன. முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், என்று பெயர் வைத்தார்கள். இன்று உனக்கு வந்திருக்கிற அதே நோய். உடம்பின் காவல்காரனே உடம்பின் மூட்டுகளைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற நோய். அந்த அடியில் எழும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை, ரத்தம் போகும் இடமெல்லாம் போகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் மம்மியின் ரத்தத்தை நானே எடுப்பேன், நானே சோதிப்பேன். வேறு யார் கையையும் நம்பமாட்டேன். எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பது. அவளுக்கு நூற்று முப்பத்தெட்டு. நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைவு, ஆனால் கெட்டதும் குறைவாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சர்ச் வாசலில் நின்று ரிப்போர்ட் காட்டுகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா ரத்தம் மாதிரி சுத்தமான ரத்தம் இந்த ஏரியாலயே கிடையாது" என்று சொல்லித் திரிந்தேன். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பிரேசர் டவுனில் கபாப் வாங்கி வருவேன். எனக்கு இரண்டு துண்டு, அவளுக்கு ஆறு. "உனக்கென்ன, நூத்தி முப்பத்தெட்டு, நல்லா சாப்பிடு" என்பேன். அதே தாளில், நான்கு வரி கீழே, ஈ.எஸ்.ஆர். என்று ஒரு வரி இருந்தது. ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, சிவப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. உடம்பில் அழற்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக இறங்கும். இருபதுக்குள் இருக்க வேண்டியது, மம்மிக்கு எண்பத்து நான்கு. அதையும் என் கையாலேயே எழுதினேன். அது மூட்டு டாக்டர் பார்க்கிற வரி, இது இதய டாக்டர் பார்க்கிற வரி என்று நினைத்தேன். இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே ரத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் தாளில் நீ என்ன செய்தாய்? கொலஸ்ட்ராலுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தாய். கீழே, அறுபத்து நான்காக இருந்த ஈ.எஸ்.ஆர். இருபத்து இரண்டுக்கு வந்திருக்கிறது. அதைச் சீந்தவே இல்லை. என் மகள்தான், சந்தேகமில்லை.

தொண்ணூற்று ஐந்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூட்டு நோய்க்கென்று ஒரு லேடி டாக்டர் வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். இன்றைக்கும் மம்மியைப் பார்க்கிறவர் அவர்தான், உனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். மம்மியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாரம் ஒரே ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை, நீ இப்போது நிறுத்தியிருக்கிற அதே மாத்திரையை, ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தார். மம்மி எக்ஸ்ரேக்குப் போயிருந்தாள். சீட்டை என்னிடம் கொடுத்து, "மனைவிகிட்ட பேசுங்க சார், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க, மாசாமாசம் ரத்தம் பாத்துக்கலாம்" என்றார். நான் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த விவரத் தாளை வாங்கிப் படித்தேன். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்று இருந்தது. ஈரல் கெடலாம், ரத்த அணுக்கள் குறையலாம் என்று இருந்தது. அதற்கு எவ்வளவு அளவு, இதற்கு எவ்வளவு அளவு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மம்மியிடம், "புதுசா ஒண்ணும் சொல்லல, வலி மாத்திரையே போடச் சொல்றாங்க" என்றேன். அடுத்த வாரம் டாக்டரிடம், "அவ ஒத்துக்கல டாக்டர், ரொம்பப் பயப்படறா" என்றேன். இரண்டு பக்கமும் பொய். ஒரே வாரத்தில். அதற்குப் பிறகு அவளை அவரிடம் கூட்டிப் போகவே இல்லை. அவளுக்காகத்தான் செய்தேன் என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மூன்று வருடம் அந்த அழற்சி எரிந்துகொண்டே இருந்தது. வலி மாத்திரை வலியை மூடியது, எரிவதை அணைக்கவில்லை. தொண்ணூற்று எட்டில், ஸ்கூல் ஆண்டு விழா நெருங்கிய சமயம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். தாடை வலிக்கிறது என்றாள். இடது தோள் கனக்கிறது என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோள்பட்டைக்கும் வந்துடுச்சுபோல. ஹார்ட்டா இருக்குமோன்னு பயப்படாத. உன் கொலஸ்ட்ராலுக்கு ஹார்ட் வரணும்னா, காக்ஸ் டவுன்ல ஒருத்தரும் உயிரோட இருக்கமாட்டாங்க." வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்று நாள் இதையே சொன்னேன். நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு, கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த நீ, சமையலறைத் தரையில் உட்கார்ந்து வேர்வையில் நனைந்திருந்த மம்மியைப் பார்த்தாய். அப்போதும் அவள், "டாடி ஹார்ட் இல்லன்னு சொன்னாரு, கேஸ் ட்ரபிள்தான்" என்றாளாம். நீ அதில் ஒரு சொல்லைக்கூடக் காதில் வாங்கவில்லை. தெருவில் போன ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாய். பதினெட்டு வயதில் உனக்கு இருந்த அறிவு இருபத்தெட்டு வயதில் எங்கே போயிற்று என்றுதான் நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அவசரப் பிரிவான காஷுவால்டியில், இதெல்லாம் நடப்பது மாடியில் இருந்த எனக்குத் தெரியாது. அவசரம் என்று ஒரு ரத்தக் குழாய் வந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற என்சைமைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குழாயின் எண்ணை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். அளவு வந்தது, மிக அதிகம். பாவம், பெரிய அட்டாக் யாருக்கோ என்று நினைத்துக்கொண்டே ரிப்போர்ட்டில் பெயர் எழுதச் சீட்டைத் திருப்பினேன். ஸ்டெல்லா. வயது நாற்பத்தாறு. முகவரி நம் வீடு. சீட்டை மூன்று தடவை படித்தேன். அந்த நேரத்திலும் என் மூளை என்ன சொன்னது தெரியுமா? குழாய் மாறியிருக்கும் என்றது. இவளுக்கு நூற்று முப்பத்தெட்டுதானே என்றது. படியிறங்கி ஓடி வந்தபோது நீ காஷுவால்டி வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தாய். "மூணு நாளா சொன்னாங்க டாடி. நீங்கதான் கேக்கல." அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை. அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதும் இல்லை.

பிழைத்தாள். இதயத்தின் ஒரு பகுதி சுருங்கும் சக்தியை இழந்துவிட்டது, ஆனால் பிழைத்தாள். வார்டுக்கு மாற்றிய பிறகு அந்த மூட்டு டாக்டர் வந்தார். இந்தத் தடவை என்னிடம் சீட்டைக் கொடுக்கவில்லை. நாற்காலியை மம்மியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஸ்டெல்லம்மா, இந்த மாத்திரைக்கு நீங்க ரொம்பப் பயப்படறீங்கன்னு தெரியும். ஆனா இப்ப ஆரம்பிச்சே ஆகணும்" என்றார். மம்மி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். "எனக்கு எதுக்குப் பயம்? குடுங்க டாக்டர், எப்பலருந்து போடணும்?" அவ்வளவுதான். ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. டாக்டர் தலையைத் திருப்பி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்று ஐந்தில் கேட்டிருந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள். அந்த மூன்று வருடத்தை அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவன் நான்.

இனி நீ பிடிவாதம் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. மாத்திரை ஆரம்பித்து ஆறு மாதம். மம்மியின் வீக்கம் வடிந்தது. ஈ.எஸ்.ஆர். எண்பத்து நான்கிலிருந்து பத்தொன்பது. கொலஸ்ட்ரால் நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று எழுபத்தெட்டு! அட்டாக் வந்தவளுக்குக் கொலஸ்ட்ராலை ஏற்றுகிற மருந்தா என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ ஞாயிற்றுக்கிழமை நீட்டினாயே, அதே மாதிரி நீட்டினேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நோடி, பாருங்க சார், எத்தன வருஷம் லேப்ல இருக்கீங்க? அந்தப் பழைய நம்பர் நல்ல நம்பர்னு யாரு சொன்னா? உடம்பு பூரா எரியுது, அந்த எரிச்சல் கொலஸ்ட்ராலையும் சேத்துத் தின்னுடுது, அதான் கொறஞ்சு காட்டுது. எரிச்சல் அணைஞ்சா, அது அவங்களோட சொந்த அளவுக்குத் திரும்பி வருது. ஏறல சார், திரும்பி வந்திருக்கு. அந்த அளவு ஜாஸ்தின்னா அதுக்குத் தனியா மருந்து இருக்கு, அத நான் குடுக்கறேன். இத நிறுத்தறேன்னு மட்டும் வராதீங்க."

"அப்ப நல்ல கொலஸ்ட்ரால்?" என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து ஒரு வட்டம் வரைந்தார். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாத கொழுப்பு, ரத்தத்தில் தானாகப் போகாது, புரதங்கள்தான் அதை ஏற்றிக்கொண்டு போகின்றன. நல்லது என்று நாம் சொல்கிற ஹெச்.டி.எல்.லின் வேலை, ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பை எடுத்து ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. அதை அந்த வேலை செய்ய வைப்பது அதன் மேல் இருக்கும் ஒரு புரதம். அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால், ஈரல் வேறொரு புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அது வந்து ஹெச்.டி.எல். மேல் உட்கார்ந்து, பழைய புரதத்தைத் தள்ளிவிடுகிறது. பெயர் அதேதான், எண்ணும் கிட்டத்தட்ட அதேதான், வேலை மட்டும் நடப்பதில்லை. சில சமயம் காக்க வேண்டியதே எரிச்சலுக்குத் துணை போகிறது. "நீங்க எவ்வளவு இருக்குன்னுதான் அளக்கறீங்க. அது வேல செய்யுதான்னு உங்க மிஷின் அளக்காது சார்" என்றார். இன்னும் முழுசாகத் தெரியாது, இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவர் கொடுத்த கட்டுரைகளை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ரிட்டயர் ஆன பிறகும் படிக்கிறேன். நெட்டில் படித்தேன் என்று என்னிடம் சொல்கிறாயே, பாதியில் நிறுத்தாமல் கீழே வரைக்கும் படித்தாயா?

அந்த மாத்திரை சாதாரணமானது என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் போட்டால் விஷம். நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால் மாதக்கணக்கில் முன்னாடியே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். பயம் இருந்தால் பயத்தை அவரிடம் சொல். கேள்வி இருந்தால் கேள். வேறு மருந்து வேண்டுமென்றால் சண்டை போட்டு வாங்கு. ஆனால் நீயே தாளைப் பார்த்து, நீயே வட்டம் போட்டு, நீயே தீர்ப்புச் சொல்லாதே. அந்த வேலையை நம் வீட்டில் நான் ஒருவன் செய்தது போதும்.

நேற்று இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். தொண்ணூற்று ஐந்து வரைக்கும் எழுதினேன், அதற்கு மேல் பேனா போகவில்லை. மகளுக்கு எழுதிவிட்டு மனைவிக்குச் சொல்லாமல் இருந்தால் அது மூன்றாவது பொய். மதியம் மம்மி வராந்தாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை மடித்து வைத்தது, அவளிடம் சொன்னது, டாக்டரிடம் சொன்னது. அவள் கீரையை விட்டுவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். கோணிப் போன அந்த இரண்டு விரலை இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அவை அந்த மூன்று வருடத்தில் கோணியவை. அதற்கு முன்னால் நேராக இருந்தன. பிறகு கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உங்களுக்கு?" தோணவில்லை என்றேன்.

எழுந்து உள்ளே போனாள். சாயங்காலம் ஒரே ஒரு டம்ளர் காபி போட்டு அவளே குடித்தாள். இன்று காலை இட்லி ஊற்றி மேஜையில் வைத்தாள், பேசவில்லை. முப்பது வருடத்தில் அவள் என்னோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள், பேசாமல் இருந்தது இல்லை. பதினொரு மணிக்கு நான் பேனாவை எடுத்தபோது பின்னால் வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள். "அதையும் எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "விடாம எழுதுங்க. அவகிட்டயாவது உண்மைய சொல்லுங்க" என்றாள். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"மொதல்ல அவ டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன்னு எனக்குப் போன் பண்ணட்டும். உங்களப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்."

டாக்டர் புதன்கிழமை பத்து மணிக்கு உட்காருவார். உனக்கு டோக்கன் போட்டுவிட்டேன்.

டாடி